தேர்ச்சி பெறாதோர் என்று எழுதியது யார்?

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பாதையில், நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது மஹய்யாவ. அங்குள்ள மயானத்தில் ஜேம்ஸ் டெய்லர் அடக்கமாகியிருக்கிறார். 1852இல் ஸ்காட்லாந்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர் அவர். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, 1892 மே 2ஆம் தேதி கண் மூடினார். இத்தீவின் தேயிலை, சிங்கோனாத் தொழில்களின் முன்னோடி என்று அவருடைய கல் சொல்கிறது. அவர் உடலை மலைப்பாதை நெடுகக் கண்டிவரை தூக்கி வந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். 24 பேர் இரண்டு அணியாகப் பிரிந்து, நான்கு மைலுக்கு ஒரு முறை தோள் மாற்றினார்கள் என்பது டெய்லரின் வரலாற்றை எழுதியவர்கள் வழக்கமாகக் குறிப்பிடும் செய்தி. அந்த 24 பேரின் பெயர் கல்லில் இல்லை. அதே மஹய்யாவவில், கண்டி மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தென்னிந்தியாவிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசைக் குடியிருப்பில், இருந்தவருக்கும் நகரத்து லயத்தில் இருந்தவருக்கும் அரசாங்க ஏடுகள் ஒரே தகுதியைத்தான் எழுதின: தேர்ச்சி பெறாத தொழிலாளி. இந்தச் சொல் அவர்கள் செய்த வேலையை அளந்து பார்த்து வந்ததன்று. அவர்களுக்கு என்ன கொடுப்பது, அவர்களை எங்கே வைப்பது என்ற முடிவு முதலில் வந்தது. சொல் அதற்குப் பின்னால் வந்தது. தமிழுக்கு வந்தபோது அது இன்னும் கடுமையானது. இந்தக் கட்டுரை நிறுவ விரும்புவது இதைத்தான்.

கண்டி 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. அடுத்த பத்தாண்டிலேயே கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கிவிட்டது. தோட்டத்துரைமாரின் சங்கம் 1854இல் கண்டியில்தான் அமைந்தது. மாநகர சபைச் சட்டம் 1865இல் வந்தபோது கொழும்போடு சேர்த்துக் கண்டிக்கும் ஒரு சபை கிடைத்தது. 1867இல் கொழும்பிலிருந்து ரயில் வந்தது, 1880இல் மஹய்யாவ வழியாக மாத்தளைக்கு நீண்டது. இத்தனைக்கும் ஆள் வேண்டும். ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்த அந்த ஆரம்பத் தலைமுறையில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிறகு 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து தொழில் சரிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும்தான் நிறைய ஆள் தேவை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். வந்து போனவர்கள் வந்து தங்கியவர்கள் ஆனது அப்படித்தான்.

தேயிலை என்ன கேட்கிறது என்று பார்த்தால், தேர்ச்சி என்ற பேச்சின் அடிப்படையே வேறாகத் தெரியும். செடியைத் தட்டையான மேசைபோல ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்காகக் கொழுந்தெடுப்பவர் மட்டக்கம்பைச் செடிமேல் படுக்கவைத்து, அதற்கு மேலே எழும்பியதை மட்டும் பார்க்கிறார். எழும்பியதிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள தளிரே கூடைக்குப் போகும். மொட்டு உறங்கி வளர்ச்சி நின்றுபோன தளிரை ஒடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்குச் செடி துளிர்க்காது. முற்றிய இலையை இழுத்தால் தொழிற்சாலையில் தூள் கெடும், பிஞ்சைக் கிள்ளினால் அடுத்த வாரத்துக் கொழுந்து போகும். இத்தனையும் சரிவில் நின்றபடி, முதுகில் கூடை கனக்க, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் கண்ணால் பார்த்து முடிக்குமுன்னே விரல் முடிவெடுக்கும் வேகத்தில் நடக்கிறது. அதே மலைக்கு ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறை திரும்பி வர வேண்டும். மழை, வெயில், உயரம் எல்லாவற்றுக்கும் ஏற்ப அந்தச் சுற்று நீளும், குறுகும்.

கவ்வாத்து இன்னொரு கல்வி. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை செடியை வெட்டிக் குறுக்குகிறார்கள். வெட்டு சாய்வாக விழ வேண்டும், அதில் மழைநீர் தங்கக் கூடாது. கட்டை பிளக்கக் கூடாது, நோய் உள்ளே புகும். வேரில் மாச்சத்து குறைந்திருக்கும் காலத்தில் வெட்டினால் செடி திரும்ப எழாமலே போய்விடும். தாழ்ந்த மலைகளில் மூச்சுக்கென்று ஓரிரு கிளையை வெட்டாமல் விட்டு, புதுத்துளிர் வந்த பிறகு அதை எடுக்கும் வழக்கமும் உண்டு. எந்தக் கிளையை விடுவது என்று பள்ளிக்கூடத்தில் எவரும் சொல்லித் தரவில்லை. கத்தி பிடித்த கை, பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த மூத்த கையைப் பார்த்துத்தான் கற்றது. டெய்லரின் முதல் தேயிலையும் அப்படிப்பட்ட கைகளில்தான் உருவானது. லூல்கந்துரப் பங்களா விறாந்தையில் மேசை போட்டு, மணிக்கட்டு முதல் முழங்கை வரை கொடுத்து இலையை உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பில் காயவைத்தார்கள். இயந்திரம் பிறகுதான் வந்தது. முன்னோடி என்ற பட்டம் டெய்லருக்குத் தகும். அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் ‘தேர்ச்சி பெறாதோர்’ ஆனது எப்படி என்பதுதான் கேள்வி.

கூலியை நிர்ணயித்த சட்டங்களிலேயே இதற்கு நேரடியான சான்று கிடைக்கிறது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது, நடைமுறைக்கு வந்த விகிதங்கள் 1929இல் அமைந்தன. மலைநாட்டின் உயர்ந்த பகுதியில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. நடுநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. இந்த ஒன்பது எண்களில் எதுவும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. கவ்வாத்து வெட்டுபவருக்கு ஒன்று, கான் என்ற வடிகால் வெட்டுபவருக்கு ஒன்று, முள்ளுக் குத்துபவருக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. ஆணா, பெண்ணா, பிள்ளையா, எந்த உயரத்தில் என்பதே கணக்கு. தேயிலையின் தரம் முழுக்கத் தங்கியிருக்கும் கொழுந்தெடுப்பு பெண்களின் வேலை. நுணுக்கம்தான் கூலியைத் தீர்மானிக்கிறது என்பது உண்மையாக இருந்திருந்தால் அந்த 43 சதம் அங்கே நின்றிருக்காது. பெண்ணுக்கும் ஆணுக்கும் தோட்டத்தில் சமக் கூலி கிடைக்க 1984 ஆயிற்று. அந்த ஆண்டு பெண்களின் விரல்கள் திடீரென்று புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை. போராட்டமும் அரசியலும்தான் கூலியை மாற்றின.

இங்கே பொருளியல் படித்தவர்கள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். ‘தேர்ச்சி பெறாத’ என்பது இழிவுச் சொல் அன்று. ஒரு வேலையைக் கற்க எவ்வளவு காலமும் செலவும் பிடிக்கும் என்பதன் அளவு மட்டுமே அது. கொழுந்தெடுக்க ஒருவர் சில மாதத்தில் பழகிவிடலாம், ரயில் இயந்திரம் ஓட்டப் பல ஆண்டு வேண்டும். ஆள் தாராளமாகக் கிடைக்கும் வேலைக்குக் கூலி குறைவாக இருப்பது சந்தையின் இயல்பு. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது நிற்க வேண்டுமானால் சந்தை இருந்திருக்க வேண்டும். மலையகத்தில் 1921 வரை இருந்தது துண்டு முறை. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், பழைய கடன் தீர்ந்ததற்கான துண்டு வேண்டும். கடனோ கங்காணியின் கணக்கில் இருந்தது, அது குறைந்ததாகக் கேள்வியில்லை. நன்றாகக் கவ்வாத்து வெட்டத் தெரிந்தவர் தன் கையின் மதிப்பை அடுத்த தோட்டத்தில் போய்க் கேட்டுப் பார்க்க வழியே இல்லை. விலை கேட்கவே விடாமல் அடைத்து வைத்த பொருளுக்கு விலை இல்லை என்று சொல்வது கணக்காகாது. துண்டு ஒழிந்த பிறகும் ஆண், பெண், பிள்ளை என்ற விகிதம் வந்ததே தவிர, வேலைக்கேற்ற விகிதம் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தின் சொந்தப் பேச்சு வேலையை இப்படி ஒரே குவியலாகப் பார்க்கவில்லை. பிரட்டுக்களத்தில் காலையில் ஆள் பிரிக்கும்போது இன்னாரைக் கவ்வாத்துக்கு, இன்னாரைக் கொழுந்துக்கு, இன்னாரைக் கானுக்கு என்று கங்காணி பெயர் சொல்லித்தான் பிரித்தார், யாருடைய கை எதற்கு என்று அவருக்குத் தெரியும். செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டுக்குள் போனதும் அது எல்லாமே ஒரு ‘பேர்’ ஆயிற்று. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், குறித்த அளவுக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். துரைமார் தொழிலாளரோடு பேசுவதற்காக எழுதப்பட்ட கையேடுகள் இந்த வரலாற்றில் முக்கியமான ஆவணங்கள். கொழும்பு பெர்குசன் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட சின்னத்துரைக்கான தமிழ்க் கையேட்டின் தலைப்பே ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பவர் தேயிலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் புரிந்துகொள்ளும் தமிழ் என்று ஒரு நூல் செய்தார். அந்தத் தமிழுக்கு அவர் வைத்த பெயர் ‘கூலித் தமிழ்’. ஒரு தலைப்பு கட்டளை, இன்னொரு தலைப்பு அந்த மக்களின் மொழிக்கே கூலி என்று முத்திரை. தொழிலாளியிடமிருந்து ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு இந்தத் தலைப்புகளில் இடமில்லை. தேயிலையைப் பற்றிய அறிவு தோட்டத்தில் தமிழில்தான் வாழ்ந்தது. ஆங்கிலத்துக்குப் போனது அதன் கணக்கு மட்டும்.

பிறகு ஆங்கிலச் சொற்கள் அரசகரும மொழிகளுக்குள் வந்தன. 1956க்குப் பிறகு நிர்வாகத்துக்கான சொற்றொகுதிகள் செய்யும் பெரிய வேலை நடந்தது. அதைச் செய்தவர்களின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அதற்கு நூறாண்டு முன்பே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன், உடற்கூற்று நூலைத் தமிழில் தந்து, தமிழிலேயே மருத்துவரை உருவாக்கிய முன்மாதிரியும் இலங்கையில் இருந்தது. கிறீன் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பதற்கு முன் அது குறிக்கும் எலும்பையும் நரம்பையும் மாணவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. நிர்வாகச் சொற்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தொழிலாளரை வகுக்கும் ‘அன்ஸ்கில்ட்’ என்ற சொல் வந்தபோது வேலைத்தளத்துக்குப் போய் எவரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தின் இல்லை என்ற முன்னொட்டைத் தமிழில் எதிர்மறையாக்கினால் போதுமானதாக இருந்தது. தேர்ச்சி பெறாத, திறனற்ற, பயிற்சியற்ற என்று மூன்று விதமாகவும் எழுதினார்கள். மூன்றும் ஒன்றல்ல. பயிற்சியற்ற என்றால் ஒருவருக்கு எவரும் கற்றுத்தரவில்லை என்று ஆகும், குற்றம் கற்றுத்தராதவர் மேல். திறனற்ற என்றால் அந்த ஆளிடமே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

கிரேக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். இன்றைய கிரேக்க மொழியில் இத்தகைய தொழிலாளியை ‘அனிதிகெஃப்தோஸ்’ என்கிறார்கள். தனித்துறை ஒன்றில் சிறப்புப் பயிற்சி பெறாதவர் என்பதே அதன் பொருள். ஆளின் ஆற்றலை அது தொடவில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்பிய இரண்டை அது பிரித்துவிட்டது. ஆயினும் கிரேக்கரைப் புகழ்ந்து விட்டுவிட முடியாது. பழங்கிரேக்கத்தில் ‘தெக்னே’ என்ற சொல் செருப்புத் தைப்பதிலிருந்து மருத்துவம் வரை காரணம் அறிந்து செய்யும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக இருந்தது. கைத்தொழிலாளிக்கு அறிவுண்டு என்று ஒப்புக்கொண்ட மொழி அது. அந்த மொழியில் எழுதிய அரிஸ்டாட்டிலே, சிறந்த நாட்டில் கைத்தொழிலாளியைக் குடிமகனாக்க மாட்டார்கள் என்று ‘அரசியல்’ நூலில் வாதிட்டார். நல்ல சொல் இருந்தும் குடியுரிமையில் கதவு சாத்தப்பட்டது. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை இலங்கையில் பிறந்ததற்கோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. செக்ரோலில் ஒரு பேராக மட்டும் பதிவான மக்களிடம் அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்? 1949இல் வாக்கும் போனது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தார்கள். தேர்ச்சி உள்ளவர் என்று ஏட்டில் எழுதப்பட்ட ஒரு கூட்டத்தை இப்படித் தலையெண்ணிப் பிரித்திருக்க முடியுமா என்பது என் சந்தேகம்.

நகரத்துக்கு வருவோம். மஹய்யாவ மக்களைப் பொறுத்தவரை இன்னொரு மறுப்பு எழும், அது மேலே சொன்னதைவிட வலுவானது. அவர்களைக் கீழே வைத்தது ஆங்கிலச் சொல்லும் அல்ல, அதன் தமிழாக்கமும் அல்ல, சாதிதானே என்பது. ஆம், சாதிதான். துப்புரவு வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் முதலான ஒடுக்கப்பட்ட சாதியினர். வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் அந்த வாளியைச் சுமக்க அவர்களைத் தவிர வேறு யாரையும் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. தமிழர்களாகிய நாமும் இதில் நிரபராதிகள் அல்லர். தோட்டக்காட்டான் என்ற வசவைப் புழங்கியது நம் வாய். ஆனால் சாதி தன் பெயரில் அரசாங்க ஏட்டுக்குள் நுழைய முடியாது. அதற்கு ஓர் அலுவலகச் சொல் தேவைப்பட்டது, அதைத் ‘தேர்ச்சி பெறாத’ என்ற வகுப்பு கொடுத்தது. பிறப்பால் விழுந்த வேலை, படிநிலை என்ற பெயரில் சம்பளத் திட்டத்தில் ஏறியது. இலங்கையின் 06/2006ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை ஆரம்ப மட்டச் சேவையைத் தேர்ச்சி பெறாதோர், ஓரளவு தேர்ச்சி பெற்றோர், தேர்ச்சி பெற்றோர் என்று மூன்றாக வகுத்தது. சுகாதாரத் தொழிலாளி முதல் படியில் இருக்கிறார்.

அந்த முதல் படியில் நிற்பவர் எதை அறிந்திருக்க வேண்டும் என்று ஒரே ஓர் உதாரணம் பார்க்கலாம். கழிவுக் குழியில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவால். நாற்றம் இருக்கும்வரை எச்சரிக்கை இருக்கிறது. வாயு மிகும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போய், நாற்றம் சட்டென்று மறைந்துவிடும். பழகாதவர் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து இறங்குவார், அவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. நாற்றம் நின்ற இடத்தில்தான் பின்வாங்க வேண்டும் என்பது உயிர் காக்கும் அறிவு. கண்டியோ மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் இருக்கும் நகரம். மழை பெய்தால் நாலா பக்கத்துச் சரிவின் நீரும் கான்களின் வழியே இறங்கி, மெத எல என்ற கால்வாயில் விழுந்து மகாவலிக்குப் போகிறது. எந்தக் கான் எந்த மழைக்கு அடைக்கும், எந்த மூடியைத் திறந்தால் எந்தத் தெரு வடியும் என்பது வரைபடத்தைவிட அதைத் தினம் சுத்தம் செய்பவருக்குத்தான் தெரியும். எசல பெரஹெரா நடக்கும் பத்து இரவுகளிலும் யானைகளும் மக்கள் வெள்ளமும் போன வீதி மறுநாள் காலை நடக்கத்தக்கதாக இருக்கிறது. 1988இல் உலக மரபுரிமை நகரமான கண்டி, அந்தப் பெருமைக்கு ஏற்றபடி தினமும் எழுந்து நிற்பது இந்த அறிவின்மேல்.

கடைசியாக, என்னையே அதிகம் யோசிக்க வைத்த மறுப்பு. இந்த வேலைகளைத் திறமை என்று கொண்டாடுவது, அவற்றின் கொடுமையை மறைத்துவிடாதா? மலம் சுமப்பதில் ஒரு கலை உண்டு என்று பேசுவது அதை நியாயப்படுத்துவதாகாதா? ஆகும், பேச்சோடு நின்றுவிட்டால். தமிழ்நாட்டில் 2020இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றினார்கள். ஐந்தாண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், சென்னை ரிப்பன் மாளிகை முன்னே அதே தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரில் தூய்மை ஏறியது, நிரந்தர வேலை என்ற கோரிக்கை வெளியிலேயே நின்றது. மனிதர் கையால் செய்யக் கூடாத வேலைகள் உண்டு. அவற்றை ஒழிக்க வேண்டும், மெருகேற்றக் கூடாது. ஒழிக்கும்போதும் ஒரு கேள்வி இருக்கிறது. புதிய இயந்திரத்தை ஓட்ட யாரை அழைப்பது? குழியை அறிந்தவரைத் தேர்ச்சி பெறாதவர் என்று எழுதி வைத்திருந்தால், இயந்திரம் வரும் நாளில் அவர் வீட்டுக்குப் போவார், தேர்ச்சிச் சான்றிதழோடு வெளியிலிருந்து வேறொருவர் வருவார். அறிவை அறிவென்று பதிவு செய்வது கொடுமையை அழகுபடுத்தும் வேலை இல்லை. அந்தக் கொடுமையிலிருந்து வெளியேறும்போது கையில் எதையாவது கொண்டு போக அது வழி செய்யும்.

இதற்கு வேண்டிய ஏற்பாடு இலங்கையில் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. வகுப்பறையில் படிக்காமல், வேலையிலேயே கற்றதைச் செய்து காட்டி மதிப்பீடு பெற்றுத் தகைமை அடையும் வழியும் அதில் உண்டு. மின்னிணைப்பவராலும் மேசனாலும் இந்த வழியில் சான்றிதழ் பெற முடிகிறது. கான்களையும் கழிவுக் குழிகளையும் பராமரிக்கும் வேலைக்கும், கவ்வாத்துக்கும் கொழுந்துக்கும் இதே கதவைத் தமிழிலேயே திறந்து, அந்த மட்டத்துக்குரிய சம்பளப் படியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், சான்றிதழ் மட்டும் கொடுத்துச் சம்பளத்தை அப்படியே விடக் கூடாது. மதிப்பீட்டாளர்களாக முதலில் உட்கார வேண்டியவர்கள் முப்பது ஆண்டு அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவர்கள். கண்டி மாநகர சபையும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவும், மலையகத் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து இதை மஹய்யாவவிலிருந்தே தொடங்கட்டும்.